ஹெச்ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகுமா?

பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் மண்டல அலுவலகத்தில், வாடிக்கையாளர் ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். சம்பளம் தருவது நிறுவனம் அல்ல, ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி. எட்டு மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்த பிரிவு மேனேஜர், வேலை விஷயமாக வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கி, மெல்ல இரவு பதினொரு மணிக்கு மேல் ‘தூங்கிட்டியா?’, ‘இன்னிக்கு அந்தப் புடவையில உன்னைப் பார்த்துட்டு வேலையே ஓடல’ என்றெல்லாம் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். வாசகி சில நாட்கள் பதில் போடாமல் இருந்திருக்கிறார். சில நாட்கள் ‘ஓகே சார்’ என்றோ ஒரு சிரிப்பு ஸ்மைலியோ போட்டுத் தப்பித்திருக்கிறார். ‘நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போனா உன்னைப் பெர்மனென்ட் ஆக்குறது என் கையிலதான் இருக்கு’ என்று ஒரு நாள் வந்ததும், ‘சார், இப்படிப் பேசாதீங்க, எனக்குப் பிடிக்கல’ என்று எழுதிவிட்டார். அத்துடன் மெசேஜ் நின்றது. கடிதம் எழுதிய நாளோடு அதற்கு 74 நாட்கள்.

பிறகு ரேட்டிங் இறங்கியது, ஷிப்ட் மாறியது, கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் குத்தல் பேச்சு. ஹெச்ஆர் அதிகாரியிடம் நேரில் போய்ச் சொன்னதற்கு, ‘நான் பேசிக்கறேன்மா, பெருசு பண்ணாதீங்க’ என்ற பதில் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து ஏஜென்சியிலிருந்து, வேறு கிளைக்கு மாற்றுவதாகப் போன் வந்திருக்கிறது. மெசேஜ்களைப் பார்த்த சக ஊழியர் தோழி ஒருவர், ‘என் பேரை மட்டும் இழுத்துடாதே’ என்கிறார். கணவர் ஆதரவாக இருக்கிறார். ஆனால், ‘வேலையை விட்டுட்டு வந்துடு, நிம்மதியா இருக்கலாம்’ என்கிறார். மேனேஜர் என் கையைக்கூடத் தொடவில்லை, நான் கான்ட்ராக்ட் ஆள், எட்டு மாதமும் ஓடிவிட்டது, நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே நடவடிக்கை வருமாமே, இனி என்ன செய்ய என்று கேட்கிறார்.

அன்புள்ள தோழி,

மற்ற எல்லாக் கேள்விகளும் கொஞ்சம் காத்திருக்கலாம், ஒன்று மட்டும் காத்திருக்காது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கெடு: எட்டு மாதமா, 74 நாளா?

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவு, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்கிறது. ஒரு சம்பவமாக இல்லாமல் தொடர்ச்சியாக நடந்திருந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். ஆகவே, எட்டு மாதத்துக்கு முன் தொடங்கியது என்பதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. கடைசி மெசேஜ் வந்து 74 நாட்கள்தான் ஆகின்றன. மீதி இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம்.

‘அதற்குப் பிறகும் ரேட்டிங் குறைத்தாரே, ஷிப்ட் மாற்றினாரே, அதையும் சேர்த்தால் நாள் இருக்கிறதே’ என்று யாராவது சொல்லலாம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். துணைவேந்தர் ஒருவர் மீதான புகார் தொடர்பான வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பின்னால் எடுக்கப்பட்ட நிர்வாக நடவடிக்கைகளைப் பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. காலம் கடந்த புகார் என்றே முடிவு செய்தது. ரேட்டிங், ஷிப்ட், கூட்டத்துப் பேச்சு எல்லாவற்றையும் புகாரில் தேதியோடு கட்டாயம் எழுதுங்கள். ஆனால் கெடுவைக் கடைசி மெசேஜிலிருந்தே எண்ணுங்கள்.

ஏதோ காரணத்தால் அந்த நாள் தாண்டிவிட்டாலும் கதவு மூடிவிடாது. இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கப்படும் உள்ளகப் புகார்க் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து. ஹெச்ஆர் ‘நான் பேசிக்கறேன்’ என்று சொன்னதை நம்பிக் காத்திருந்தேன் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் அது குழுவின் விருப்பத்தைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்குள் தருவது உங்கள் உரிமை. இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது.

தலைப்பில் உள்ள கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஹெச்ஆரிடம் வாயால் சொன்னது இந்தச் சட்டத்தின்படி புகார் ஆகாது. புகார் எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். நம் அலுவலகங்களில் இன்னமும் ‘விசாகா கமிட்டி’ என்று அழைக்கிறார்களே, அதுதான். எழுத உங்களுக்குச் சிரமமாக இருந்தால், எழுதித் தர உதவுவது அந்தக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் சட்டம் வைத்திருக்கும் கடமை. அந்த ஹெச்ஆர் அதிகாரி உங்களைக் குழுவிடம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் ஏஜென்சிக்குத் தகவல் கொடுத்திருக்கிறார் என்றே தெரிகிறது. இது எனக்கு வருத்தமளிக்கிறது. எத்தனையோ பெண்களின் மூன்று மாதம் இப்படித்தான் கரைகிறது.

போன உரையாடலை இப்போதும் பதிவாக மாற்ற முடியும். அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இன்ன தேதியில் இத்தனை மணிக்குத் தங்கள் அறையில், பிரிவு மேனேஜர் அனுப்பிய மெசேஜ்கள் பற்றி நேரில் தெரிவித்தேன். தாங்கள் பேசுவதாகச் சொன்னீர்கள். இதுவரை தகவல் இல்லை. உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தேவை.’ இவ்வளவு போதும். குற்றச்சாட்டு, கோபம் எதுவும் இதில் வேண்டாம். ஆனால் அவர் பதிலுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். குழு அமைத்த உத்தரவை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைப்பது நிர்வாகத்தின் கடமை. அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

‘தொடவில்லையே’, ‘ஸ்மைலி போட்டேனே’

சட்டத்தில் தொடுதல் ஒரு வகை மட்டுமே. பாலியல் நோக்கில் பேசுவது, பாலியல் இணக்கத்தைக் கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது, வார்த்தையாலோ சைகையாலோ விரும்பத்தகாத விதத்தில் நடந்துகொள்வது எல்லாமே துன்புறுத்தல்தான். ‘அனுசரிச்சுப் போனா பெர்மனென்ட் ஆக்குறேன்’ என்ற வாசகத்துக்கு 3-வது பிரிவு தனியாகவே இடம் வைத்திருக்கிறது: சலுகை தருவதாக மறைமுகமாகவோ வெளிப்படையாகவோ ஆசை காட்டுவது. இரவில் உங்கள் வீட்டுக்கு, உங்கள் சொந்த போனுக்கு வந்த மெசேஜ் என்பதால் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாதது என்றும் ஆகிவிடாது. பேசியவர் உங்கள் மேலதிகாரி. பேசியது உங்கள் வேலையைப் பற்றி.

நீங்கள் கான்ட்ராக்ட் ஆள் என்பதும் தடையில்லை. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர், தற்காலிக ஊழியர், பயிற்சியாளர், தினக்கூலி எல்லோரும் இந்தச் சட்டத்தில் ‘ஊழியர்’தான். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பது அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில், அந்த மேனேஜரும் அவர்கள் ஊழியர். எனவே புகார் அந்த நிறுவனத்தின் குழுவுக்கு. ஏஜென்சிக்கு ஒரு நகல் அனுப்புங்கள், ‘எனக்குத் தெரியாது’ என்று நாளை அவர்கள் சொல்லாமல் இருக்க.

ஸ்மைலி விஷயத்தில் நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். ரேட்டிங் போடுகிறவருக்கு, வேலையை நிரந்தரமாக்கக்கூடியவருக்கு, இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் ‘ஓகே சார்’ என்று அனுப்புவது சம்மதம் அல்ல. அன்றைய இரவைக் கடப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது. சட்டம் பார்ப்பது அந்த நடத்தை உங்களுக்கு வேண்டாததாக இருந்ததா என்பதைத்தான். நீங்கள் பிடிக்கவில்லை என்று தெளிவாக எழுதிய மெசேஜ் இருக்கிறது. அதன் பின் ரேட்டிங் இறங்கியதும் இருக்கிறது. எனவே அந்த ஸ்மைலிகளை அழிக்காதீர்கள், மறைக்காதீர்கள். பாதி உரையாடலைக் கொடுத்து, மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவந்து காட்டினால், உண்மையான பகுதியும் நம்பப்படாமல் போகும். ‘பயத்தில் இப்படிப் பதில் போட்டேன்’ என்று நீங்களே புகாரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆதாரத்தைப் பத்திரப்படுத்தும் விதம்

முதலில் அந்த உரையாடலில் ‘மறையும் மெசேஜ்’ வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு முழு உரையாடலையும் ‘எக்ஸ்போர்ட் சாட்’ மூலம் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மெசேஜை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தேதி, நேரம் தெரியட்டும். ஒரு படம் அவருடைய போன் எண் தெரியும் பக்கத்தையும் காட்டட்டும். நீங்கள் ‘மேனேஜர் சார்’ என்று சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால், அது யார் என்று கேள்வி வரும். அவர் அனுப்பிவிட்டுத் தானே அழித்த மெசேஜ்கள் இருந்தால், அங்கே ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்ற வரி நேரத்தோடு நிற்கும். அதையும் எடுங்கள். நள்ளிரவு 12.10-க்கு ஒரு மேலதிகாரி என்ன அனுப்பி எதற்காக அழித்தார் என்பதற்கு அவர்தான் விளக்கம் தர வேண்டியிருக்கும்.

இந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனால், மின்னணு ஆவணங்களுக்குப் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டிவரும். மூல போன் கையில் இருப்பது நல்லது. குழு விசாரணையில் அவ்வளவு கடுமை இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவழக்கு அளவுகோல் அங்கே கிடையாது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழுவுக்குத் தோன்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ரேட்டிங், புதிய ரேட்டிங், ஷிப்ட் பட்டியல் ஆகியவற்றில் உங்கள் பெயருக்கு உரியதை மட்டும் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் விவரம் உள்ள எந்தக் கோப்பையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வேலை செய்வது நிதி நிறுவனத்தில்; தகவல் கசிவு என்று சொல்லி உங்களை வெளியே அனுப்ப அந்த ஒரு தவறே போதும்.

புகாரில் என்ன எழுத வேண்டும்

நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், அவர் பயன்படுத்திய அதே சொற்கள், நீங்கள் சொன்ன பதில், யார் பார்த்தார்கள் அல்லது யாரிடம் சொன்னீர்கள். ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதினால் குழுவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். தேதி சரியாக நினைவில்லாத இடத்தில் ‘பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த வாரம்’ என்பதுபோல் எழுதலாம். ஊகித்து ஒரு தேதி போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கினால் நல்லது.

விதிகளின்படி, ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் ஆறு நகல்கள் தர வேண்டும். மின்னஞ்சலில் குழுத் தலைவருக்கு ஒன்று அனுப்புங்கள்; காகிதத்தில் நேரில் கொடுத்து உங்கள் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட் செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரின் கடைசியில் இடைக்கால நிவாரணம் என்று தனித் தலைப்பிட்டுக் கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் இது கிடைக்கும், பலர் கேட்கவே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். விசாரணை முடியும் வரை அந்த மேனேஜர் உங்கள் வேலையை மதிப்பிடக்கூடாது, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரியிடம் தர வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் விஷயத்தில் இதுதான் முதலில் வேண்டியது. உங்களையோ அவரையோ இடம் மாற்றக் கேட்கலாம். உங்களுக்குரிய விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். கவனியுங்கள், இடமாற்றம் என்பது நீங்கள் கேட்டால் தரப்படும் நிவாரணம். ஏஜென்சி போனில் சொல்லும் மாற்றத்துக்கு, ‘என் புகார் நிலுவையில் உள்ளது, இந்த மாற்றத்தை நான் கேட்கவில்லை, எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். உங்களுக்கே மாறிப் போனால் தேவலை என்று தோன்றினால் அதுவும் தவறில்லை. ஆனால் அதை நீங்கள் கேட்டதாகவே பதிவு இருக்கட்டும்.

பிறகு நடப்பது இது. ஏழு வேலை நாட்களுக்குள் புகாரின் நகல் மேனேஜருக்குப் போகும். பத்து வேலை நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். முடிந்த பத்து நாட்களுக்குள் அறிக்கை நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் வர வேண்டும். 60 நாட்களுக்குள் நிர்வாகம் செயல்பட வேண்டும். திருப்தியில்லை என்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு. குழு முன் வழக்கறிஞரைக் கூட்டிப் போக உங்களாலும் முடியாது, மேனேஜராலும் முடியாது. தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். விசாரணைக்குத் தகுந்த காரணமின்றித் தொடர்ந்து மூன்று முறை போகாமல் இருந்துவிடாதீர்கள். குழு விசாரணையை முடித்துவிட முடியும். அவர் முன் உட்கார்ந்து பேச முடியாது என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கேள்விகளைக் குழுவின் வழியாக எழுத்தில் கேட்கும்படி கோரலாம். உங்கள் வாக்குமூலத்தை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் சொன்னதற்கும் எழுதியிருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால், அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள்.

நடுவில் ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று வருவார்கள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே நடக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு முடிக்கும் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. சமரசம் ஆகிவிட்டால் விசாரணை நடக்காது, அவர் அதன் நிபந்தனையை மீறினால் தவிர. அதை அறிந்து முடிவெடுங்கள்.

எந்தக் குழு, எந்தப் பழி, எந்தத் துணை

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு அலுவலகத்திலும், கிளையிலும் குழு இருக்க வேண்டும். தலைமை மூத்த நிலையில் உள்ள பெண். பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து, பெண்கள் நலனில் பணியாற்றும் ஒருவர். உங்களை அனுப்பிவிட்ட அதே ஹெச்ஆர் அதிகாரி குழுவில் இருந்தால், அவர் இதில் அமரக்கூடாது என்று காரணத்தோடு ஆட்சேபம் எழுதுங்கள். குழுவே இல்லை என்றால் அது நிறுவனத்தின் குற்றம், 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்த நிலையில் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழு பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் புகாரை வரைந்து தரும் வழக்கறிஞர் கிடைப்பார், தொலைபேசி 15100. பெண்கள் உதவி எண் 181.

காவல் நிலையம் தனி வழி. குழுவுக்குப் போனதால் அது அடைபடாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 75-வது பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. பாலியல் இணக்கம் கேட்டதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. வேண்டாம் என்ற பிறகும் அவர் தொடர்ந்திருந்தால், மிரட்டியிருந்தால், முதலில் அங்கேதான் போகச் சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லியிருக்கும் நிலையில் குழுவில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. வேலை இடத்தில் மாற்றம் வேண்டும் என்பதே உங்கள் கோரிக்கை. அதைச் சீக்கிரம் தரக்கூடியது குழு. நீங்கள் போலீஸுக்கும் போக விரும்பினால், உதவி செய்வது நிர்வாகத்தின் கடமை.

நிரூபிக்க முடியாவிட்டால் உங்கள் மேல் நடவடிக்கை என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு தண்டிப்பது, பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு தந்த புகாரை. நிரூபிக்க முடியவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது என்று அதே பிரிவு சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தது என்பதைத் தனியே விசாரித்து நிலைநாட்ட வேண்டும். உங்களிடம் மெசேஜ்கள் இருக்கின்றன. அந்தப் பயத்தை விடுங்கள்.

விட முடியாத பயம் வேறு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் போகலாம். பழிவாங்கலைத் தடுக்க இந்தச் சட்டத்தில் வலுவான தனிப் பிரிவு இல்லை. இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை. ஆனால் தேதியிட்ட புகார் முதலில் இருந்து, அதன் பின் வேலை பறிபோனால், ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். புகார் இல்லாமல் வேலை போனால், அது வழக்கமான ஒப்பந்த முடிவு.

உங்கள் தோழியிடம் கோபப்படாதீர்கள். அவருக்கும் அதே மேனேஜர்தான் ரேட்டிங் போடுகிறார். அவர் தானாக முன்வர வேண்டியதில்லை. சாட்சியை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. அவர் பெயரைச் சாட்சிப் பட்டியலில் எழுதப் போவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அழைப்பைக் குழுவே அனுப்பட்டும். அழைத்ததால் வந்தேன் என்று சொல்லும் இடம் அவருக்கு இருக்கும். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலோ சமூக வலைத்தளத்திலோ எதுவும் எழுதாதீர்கள். புகாரின் விவரங்களை வெளியிடுவதை 16-வது பிரிவு தடை செய்கிறது.

உங்கள் கணவர் சொல்வது அக்கறையில் பிறந்தது. ஆனால் இந்த இரண்டு வாரத்தில் ராஜினாமா வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டவரும் புகார் தரலாம்; பாதிக்கப்பட்ட பெண் என்பதற்கு இப்போது அங்கே பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. ஆனால் வெளியே வந்த பிறகு மதிப்பீட்டு மாற்றம், விடுப்பு போன்ற இடைக்கால நிவாரணங்களால் பயனில்லை, ஆவணங்களும் எட்டாது. புகார் கொடுத்து, சில வாரம் பார்த்து, அதன் பின்னும் உடம்பும் மனசும் தாங்கவில்லை என்றால் விலகலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. அப்போது ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஏஜென்சி அப்படித்தான் ஒரு மாதிரி வாசகம் அனுப்பும். ‘இன்ன தேதியில் நான் அளித்த புகாரில் சொல்லப்பட்ட சூழ்நிலை காரணமாக விலகுகிறேன், அந்தப் புகாரைத் தொடர்கிறேன்’ என்று எழுதி, குழுத் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.